18 வருஷம் ஒரே விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, செக்கர்ஸ்னு எதிராளி காயைத் தாண்டி வெட்டுற போர்டு விளையாட்டை கம்ப்யூட்டர் 2007லயே தீர்த்துடுச்சு, அதாவது ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா முடிவு என்னன்னு நிரூபிச்சுடுச்சு, அதுக்குப் பின்னாடி ஜோனதன் ஷேஃபர்னு ஒரு மனுஷனோட பாதி வாழ்க்கை இருக்குன்னு போற போக்குல எழுதியிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேரு கேட்டிருக்கீங்க, அதனால இந்த வாரம் முழுக்க அதே விஷயம்தான்.

கேள்வி: சார், நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர் மாணவி. ப்ராஜெக்ட்டுக்கு கேம் ட்ரீ சர்ச் எடுத்திருக்கேன், அதாவது விளையாட்டுல அடுத்தடுத்து வரக்கூடிய மூவ்களை கம்ப்யூட்டர் தேடிப் பார்க்கிற முறை. கிளாஸ்ல எல்லாரும் லாங்குவேஜ் மாடல் பக்கம் போயிட்டாங்க, அதுல வர்ற ஆல்பா-பீட்டா எல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம்ங்கிறாங்க. இதை நம்பி ஒருத்தர் வாழ்நாள் ஆராய்ச்சி பண்ண முடியுமா?

பதில்: தாராளமா முடியும்மா, பண்ணிக் காட்டினவர் கதையைத்தான் போன வாரம் தொட்டேன். ஷேஃபர் கனடாக்காரர், டொரன்டோல பிறந்தவர், சின்ன வயசுல இருந்தே செஸ் பைத்தியம். வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல 1986ல பிஹெச்டி வாங்கினார், அதுவும் செஸ் ப்ரோகிராமை வச்சு சர்ச் எவ்வளவு, அறிவு எவ்வளவுன்னு சோதனை பண்ணின ஆராய்ச்சிதான். அதுக்கு முன்னாடியே 1984ல எட்மன்டன்ல இருக்கிற ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல சேர்ந்துட்டார், அங்கேயே டோனி மார்ஸ்லேண்ட்னு இன்னொரு செஸ் சர்ச் ஆராய்ச்சியாளர் இருந்தார், அவர்கிட்ட படிச்ச மர்ரி கேம்ப்பெல்தான் பின்னாடி ஐபிஎம் போய் டீப் ப்ளூங்கிற செஸ் கம்ப்யூட்டரைச் செஞ்ச டீம்ல ஒருத்தரா செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடிச்சது. உலகத்தோட ஒரு மூலையில கடுங்குளிர் ஊருல இருந்த ஒரு டிபார்ட்மென்ட், விளையாட்டு சர்ச்னா அங்கதான் போகணும்ங்கிற இடமா ஆச்சு.

தாத்தா காலம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு உலகத்துல பலமான செஸ் இன்ஜின்கள்ல ஒண்ணான ஸ்டாக்ஃபிஷ் உள்ள ஓடுறது ஆல்பா-பீட்டாதான். 2020ல அதுல ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கை சேர்த்தாங்க, ஆனா அது பொசிஷனுக்கு மார்க் போடுற வேலையைத்தான் பண்ணுது, தேடுற வேலையை பழைய சர்ச்தான் பண்ணுது.

கேள்வி: எனக்கு கம்ப்யூட்டர் பாடம் தெரியாது, வீட்டுல இருக்கிறவங்க. கேம் ட்ரீன்னா என்ன, ஆல்பா-பீட்டான்னா என்ன, புரியிற மாதிரி சொல்லுங்க.

பதில்: நீங்க ஆடினா எதிராளி என்னென்ன ஆடலாம், அதுக்கு நீங்க என்னென்ன ஆடலாம்னு கிளை கிளையா போட்டுக்கிட்டே போனா ஒரு மரம் வருது பாருங்க, அதுதான் கேம் ட்ரீ. நுனியில இருக்கிற ஒவ்வொரு பொசிஷனுக்கும் நமக்கு எவ்வளவு நல்லதுன்னு ஒரு மார்க் போடணும். நம்ம முறை வரும்போது நாம பெரிய மார்க்கை எடுப்போம், எதிராளி அவர் முறைல நமக்கு சின்ன மார்க் வர்ற மாதிரி ஆடுவார், இப்படி மேல மேல ஏத்திக்கிட்டு வந்தா எந்த மூவ் நல்லதுன்னு தெரிஞ்சிடும். இதுக்கு மினிமேக்ஸ்னு பேரு.

பிரச்சனை என்னன்னா மரம் ரொம்ப பெரிசு. செஸ்ல ஒரு பொசிஷன்ல சுமாரா 35 மூவ் இருக்குன்னு வச்சுக்கோங்க, 8 மூவ் ஆழம், அதாவது ஆளுக்கு 4 மூவ் பார்க்கணும்னாலே 2 லட்சத்து 25 ஆயிரம் கோடி நுனி வந்துடும். இங்கதான் ஆல்பா-பீட்டா வருது.

ஒரு பேப்பர் எடுத்து போட்டுப் பாருங்க. உங்களுக்கு ரெண்டு மூவ் இருக்கு, முதல் மூவ், ரெண்டாவது மூவ். முதல் மூவுக்கு எதிராளியோட மூணு பதிலையும் பார்த்துட்டீங்க, மார்க் 3, 5, 8 வருது, எதிராளி சின்னதைத்தான் எடுப்பார், அதனால முதல் மூவோட மதிப்பு 3. இப்ப ரெண்டாவது மூவுக்கு வர்றீங்க, எதிராளியோட முதல் பதில்லயே மார்க் 2 வந்துடுச்சு. இதுக்கு மேல பார்க்கணுமா? மிச்ச பதில்கள்ல 100 இருந்தாலும் சரி 1000 இருந்தாலும் சரி, எதிராளி உங்களுக்கு 2க்கு மேல தரவே மாட்டார், உங்க கையில ஏற்கனவே 3 இருக்கு. அப்படியே விட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்தக் கிளையை வெட்டியாச்சு, விடை மட்டும் ஒரு துளி கூட மாறாது, அதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், இது குத்துமதிப்பா வெட்டுறது இல்ல, வெட்டினாலும் முழு மரத்தையும் பார்த்தா என்ன விடை வருமோ அதே விடைதான்.

ஆனா கவனிச்சீங்களா, அந்த 2 வந்த பதிலை நாம முதல்ல பார்த்ததாலதான் வெட்ட முடிஞ்சுது. அதே பதில் கடைசியா வந்திருந்தா மூணையும் பார்த்திருக்கணும், ஒண்ணுமே மிச்சமாகி இருக்காது. நல்ல மூவை எப்பவும் முதல்ல பார்த்தா எவ்வளவு மிச்சம்னு க்னூத், மூர் ரெண்டு பேரும் 1975ல கணக்கு போட்டுக் காட்டினாங்க, மேல சொன்ன 2 லட்சத்து 25 ஆயிரம் கோடி அப்ப சுமார் 30 லட்சமா சுருங்கிடும். அதே கம்ப்யூட்டர், அதே நேரம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆழம் பார்க்கலாம்.

கேள்வி: நல்ல மூவை முதல்ல பார்க்கணும்னு சொல்றாங்க, நல்ல மூவ் எதுன்னு தெரிஞ்சா அப்புறம் சர்ச் எதுக்கு சார்? சுத்தி சுத்தி வர்ற மாதிரி இருக்கே.

பதில்: சரியான இடத்துல கையை வச்சிருக்கீங்க! ஷேஃபரோட முதல் பெரிய பங்களிப்பே இந்தக் கேள்விக்கான பதில்தான். 1983ல அவர் ஹிஸ்டரி ஹியூரிஸ்டிக்னு ஒண்ணை எழுதினார், கேட்டா இவ்வளவுதானான்னு தோணும். மரத்துல எங்கயோ ஒரு மூலையில, ஒரு காயை இந்தக் கட்டத்துல இருந்து அந்தக் கட்டத்துக்கு நகர்த்தினது ஒரு கிளையை வெட்ட உதவிச்சுன்னா, ஒரு அட்டவணையில அந்த 'இருந்து-வரைக்கும்' ஜோடிக்கு மார்க் ஏத்திடணும். ஆழமான சர்ச்ல வெட்டினா நிறைய மார்க், நுனிகிட்ட வெட்டினா கம்மி. அடுத்து எந்த பொசிஷனுக்கு வந்தாலும் மூவ்களை அந்த மார்க் வரிசைல அடுக்கிப் பார்க்கணும். செஸ் அறிவு ஒரு சொட்டு கூட அதுல கிடையாது, மரத்துல பக்கத்து பக்கத்து பொசிஷன்கள் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஜாடையா இருக்கும், அங்க வேலை செஞ்ச மூவ் இங்கயும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் சூட்சுமம்.

அதை விட நான் மதிக்கிறது அவர் 1989ல வெளியிட்ட கட்டுரையை. அப்ப ஆல்பா-பீட்டாவை வேகமாக்குறேன்னு ஆளாளுக்கு ஒரு ட்ரிக் எழுதிக்கிட்டு இருந்தாங்க, ஒவ்வொருத்தரும் தன்னோட ட்ரிக்கை தனியா எடுத்து எவ்வளவு மிச்சம்னு காட்டுவாங்க. இவர் என்ன பண்ணார்னா எல்லா ட்ரிக்கையும் எல்லா விதமாவும் சேர்த்து சேர்த்து ஓட்டிப் பார்த்தார், இது இருந்து அது இல்லாம, அது இருந்து இது இல்லாமன்னு. கடைசியில ஹிஸ்டரி ஹியூரிஸ்டிக், ட்ரான்ஸ்பொசிஷன் டேபிள், அதாவது ஒரு தடவை பார்த்த பொசிஷனை ஞாபகம் வச்சுக்கிற டேபிள், இந்த ரெண்டும் சேர்ந்தாலே 8 ஆழம் வரைக்கும் குறைக்க முடிஞ்சதுல 99 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிடுது, மத்ததெல்லாம் பேருக்குத்தான்னு தெரிஞ்சுது. யாரும் கைதட்டாத, அலுப்பான, மாசக்கணக்கா மெஷின் ஓட வேண்டிய வேலை, ஆனா அதுக்கப்புறம் ப்ரோகிராம் எழுதினவங்களுக்கு எதுல நேரத்தை போடணும்னு தெரிஞ்சுது. ஆராய்ச்சிக்கு வர்ற பசங்க புது ட்ரிக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு கட்டுரையை உட்கார்ந்து படிக்கணும்னு நான் சொல்லுவேன்.

கேள்வி: செஸ் ஆளு ஏன் செக்கர்ஸுக்கு மாறினார்?

பதில்: செஸ்ல ஸ்பெஷலா சிப்பே செஞ்சு நிறைய பணத்தோட பெரிய டீம்கள் வந்துட்டாங்க. செக்கர்ஸ் சின்ன விளையாட்டு, மூவ் கம்மி, அடி ஆழம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். ஆர்தர் சாமுவேல் 1959ல எழுதின கட்டுரைக்கு அப்புறம் கம்ப்யூட்டர் செக்கர்ஸ் முடிஞ்சு போன கதைன்னு பல பேரு நம்பிக்கிட்டு இருந்தாங்க, அது உண்மையில்லன்னு தெரிஞ்ச உடனே 1989ல இவர் சினூக்னு ஒரு ப்ரோகிராமை ஆரம்பிச்சுட்டார்.

கேள்வி: சினூக்குக்கும் டின்ஸ்லிக்கும் நடந்த போட்டியைப் பத்தி விவரமா எழுதுங்க ஐயா. நான் டோர்னமெண்ட் ஆடினவன், டின்ஸ்லி பேரைக் கேள்விப்பட்டிருக்கேன்.

பதில்: ஐயா, இதைக் கேட்டதுக்கு முதல்ல நன்றி. செக்கர்ஸ் உலக சாம்பியன் மேரியன் டின்ஸ்லி அமெரிக்காவுல கணக்கு வாத்தியார், ஃப்ளோரிடாவுல ஒரு பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தினவர், தேவாலயத்துல பிரசங்கமும் பண்ணுவார். 1950ல இருந்து அவர் இறந்த 1995 வரைக்கும், முக்கியமான ஆட்டங்கள்ல அவர் தோத்ததை விரல் விட்டு எண்ணிடலாம். எந்த விளையாட்டுலயும் இப்படி ஒரு ஆளு இருந்ததா எனக்குத் தெரியல.

1990ல ரெண்டு பேரும் ஆடின ஒரு ஆட்டத்துல சினூக் பத்தாவது மூவ் போட்டுது. டின்ஸ்லி போர்டைப் பார்த்துட்டு, இதுக்காக நீங்க வருத்தப்படுவீங்கன்னு ஷேஃபர்கிட்ட சொன்னார். சினூக்கோட கணக்குப்படி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நாமதான் முன்னாடி இருக்கோம்னு கூட அது காட்டுச்சு, அப்புறம் மார்க் கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சு 36வது மூவ்ல தோல்வியை ஒத்துக்க வேண்டியதா போச்சு. இவ்வளவு தூரம் ஒரு மனுஷ மூளை எப்படிப் பார்த்துச்சுன்னு ஷேஃபர் அசந்து போனார். கிளை கிளையா அவர் எண்ணியிருக்க முடியாது, வாழ்நாள் பூரா படிச்ச பொசிஷன்கள் மனசுல இருந்து வந்த முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன், சர்ச்சும் அறிவும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஈடு கட்டும்ங்கிற ஷேஃபரோட பிஹெச்டி கேள்வி அப்படியே எதிர்ல வந்து உட்கார்ந்த மாதிரிதான்.

அதே 1990ல அமெரிக்க தேசிய போட்டியில சினூக் டின்ஸ்லிக்கு அடுத்த இடத்துல வந்துச்சு, ரெண்டாவதா வர்றவங்களுக்கு உலக சாம்பியன்கூட மோதற உரிமை உண்டு. ஆனா அமெரிக்க, இங்கிலாந்து சங்கங்கள் ரெண்டும் மெஷினுக்கு பட்டப் போட்டி கிடையாதுன்னுட்டாங்க. டின்ஸ்லி என்ன பண்ணார் தெரியுமா, பட்டத்தையே ராஜினாமா பண்ணிட்டு நான் இதுகூட ஆடத்தான் போறேன்னு நின்னார். அவர்கூட ஆடுற மனுஷங்க எல்லாம் பயந்து பயந்து டிரா பண்றதுலயே குறியா இருந்தாங்க, சினூக்குக்கு பயம்னா என்னன்னு தெரியாது, அது அவருக்கு சந்தோஷமா இருந்துச்சு. கடைசியில சங்கங்களே மனுஷன்-மெஷின் உலக சாம்பியன்ஷிப்னு தனியா ஒரு பட்டத்தை உண்டாக்கினாங்க.

1992ல லண்டன்ல முதல் போட்டி. 39 ஆட்டம், டின்ஸ்லி 4 ஜெயிச்சார், சினூக் 2 ஜெயிச்சுது, 33 டிரா. அந்த ரெண்டு வெற்றியையும் சாதாரணமா எடுத்துக்காதீங்க, அந்த மனுஷனை யாராலயும் ஜெயிக்க முடியாத காலம் அது. டின்ஸ்லியோட நாலு வெற்றியில ஒண்ணு, சினூக் நடுவுல சிக்கி நின்னு போனதால விட்டுக் கொடுக்க வேண்டி வந்த ஆட்டம்.

ரெண்டு வருஷம் கழிச்சு 1994 ஆகஸ்ட்ல பாஸ்டன்ல மறுபோட்டி. ஆறு ஆட்டம் ஆடினாங்க, ஆறும் டிரா. அப்புறம் டின்ஸ்லிக்கு வயித்து வலி, டாக்டர்கிட்ட போனா கணையத்துல கேன்சர்னு தெரிஞ்சுது. அவர் விலகிட்டார், பட்டம் சினூக்குக்கு வந்துச்சு, ஒரு போர்டு விளையாட்டுல மெஷின் உலக சாம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை, டீப் ப்ளூ காஸ்பரோவை ஜெயிச்சதுக்கு மூணு வருஷம் முன்னாடி. ஏழு மாசத்துல, 1995 ஏப்ரல்ல டின்ஸ்லி இறந்துட்டார். அதுக்கு நடுவுல டான் லாஃபர்ட்டிங்கிற இன்னொரு பலமான ஆட்டக்காரர்கூட ஆடி 1 வெற்றி, 31 டிராவோட சினூக் பட்டத்தை தக்க வச்சுக்கிச்சு, ஆனாலும் எல்லார் வாயிலயும் ஒரே கேள்வி, டின்ஸ்லி நல்லா இருந்திருந்தா ஜெயிச்சிருக்குமா?

கேள்வி: அந்தக் கேள்விக்கு பதில் கிடைச்சுதா?

பதில்: ஆட்டத்துல கிடைக்க வழியே இல்ல, எதிர்ல உட்கார வேண்டியவர் போயிட்டார். விளையாட்டையே தீர்த்துட்டா மட்டும்தான் அந்தக் கேள்வி கிட்ட போக முடியும், அதாவது யாரு எதிர்ல இருந்தாலும் தோக்கவே தோக்காதுன்னு கணக்கா நிரூபிச்சுட்டா போதும், கடவுளே வந்து உட்கார்ந்தாலும் டிராதான்.

நிறைய பேரு ஜெயிக்கிறதையும் நிரூபிக்கிறதையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. ஜெயிக்க எதிராளியை விட கொஞ்சம் நல்லா ஆடினா போதும், மார்க் போடுறதுல அங்கங்க தப்பு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. நிரூபிக்க ஒரு தப்பு கூட இருக்கக் கூடாது, எதிராளியோட எந்த முட்டாள்தனமான மூவையும் விட்டு வைக்காம பதில் எழுதி வைக்கணும். செக்கர்ஸ்ல மொத்தம் எத்தனை பொசிஷன் வரலாம்னா 5 போட்டு பக்கத்துல 20 சைபர் போடுங்க, நம்ம கணக்குல 50 லட்சம் கோடி கோடி.

ரெண்டு பக்கமும் இருந்து தோண்டினாங்க. கடைசியில இருந்து பின்னாடி வர்றது ஒண்ணு. போர்டுல ஒரே காய் இருக்கிற எல்லா பொசிஷனுக்கும் விடையை எழுதிக்கோ, அதை வச்சு ரெண்டு காய், அதை வச்சு மூணு காய்னு ஏறிக்கிட்டே போ. 8 காய் வரைக்கும் 1996ல முடிச்சாங்க, அதுவே 44 ஆயிரம் கோடி பொசிஷனுக்கு மேல. அதுக்கு மேல அப்ப இருந்த மெஷின்களுக்கு தாங்காதுன்னு 1997ல நிறுத்தி வச்சுட்டு, நல்ல மெஷின்கள் வந்த பிறகு 2001ல திரும்ப ஆரம்பிச்சு 10 காய் வரைக்கும் முடிச்சாங்க, 39 லட்சம் கோடி பொசிஷன், அத்தனையையும் 237 ஜிபிக்குள்ள சுருக்கி அடைச்சாங்க. ஒரு பைட்டுக்குள்ள சராசரியா 154 பொசிஷனோட விடை, அதுவும் ஆட்டத்துக்கு நடுவுல எடுத்துப் பார்க்குற வேகத்துல. இந்த சுருக்குற வேலையே தனி ஆராய்ச்சி.

இன்னொரு பக்கம் ஆரம்ப பொசிஷன்ல இருந்து முன்னாடி வர்ற சர்ச், அது 10 காய் மிச்சம் இருக்கிற இடத்துக்கு வந்துட்டா போதும், டேட்டாபேஸ் பதில் சொல்லிடும். எந்தக் கிளையை முதல்ல தோண்டினா நிரூபணம் சீக்கிரம் முடியும்னு தேர்ந்தெடுக்க ப்ரூஃப் நம்பர் சர்ச்னு ஒரு முறை, உள்ள தோண்டுறதுக்கு நம்ம ஆல்பா-பீட்டா. எதிராளியோட எல்லா மூவையும் பார்க்கணும், ஆனா நம்ம பக்கத்துல ஒரே ஒரு நல்ல மூவ் போதும், அதனால 50 லட்சம் கோடி கோடியையும் தொடத் தேவையில்ல, சுமார் 1 கோடி கோடி கணக்குலயே முடிஞ்சுது. 2007 ஏப்ரல்ல கடைசி கிளை மூடிச்சு, ஜூலைல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு. ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா செக்கர்ஸ் டிரா.

ஆரம்பிச்சது 1989, முடிஞ்சது 2007. நடுவுல நிறுத்தின காலத்தையும் சேர்த்து 18 வருஷம், சில நேரம் 200 கம்ப்யூட்டர் வரைக்கும் ஓடியிருக்கு. இவ்வளவு நாள் ஓடுற கணக்குல ஒரு டிஸ்க் எங்கயோ ஒரு பிட்டை மாத்தி எழுதிட்டாலே நிரூபணம் போச்சு, அதனால போட்ட கணக்கை திரும்பத் திரும்ப சரி பார்க்கிறதே பெரிய வேலையா இருந்திருக்கு.

டின்ஸ்லியை ஜெயிச்சிருக்குமாங்கிறதுக்கு இது பதில் இல்லதான். ஆனா இந்த சினூக் எதிர்ல உட்கார்ந்தா அவர் ஜெயிக்க முடியாது, அதிகபட்சம் டிரா, அது இப்ப நிச்சயம். பட்டத்தை வாங்கினதோட போதும்னு நிறுத்தாம இதுக்காக இன்னும் ஒரு டஜன் வருஷத்தைக் கொடுத்தார் பாருங்க, என் கணக்குல டீப் ப்ளூவோட வெற்றியை விட இதுதான் பெரிசு.

கேள்வி: செஸ்ஸை எப்ப தீர்ப்பாங்க?

பதில்: நம்ம ஆயுசுல எதிர்பார்க்காதீங்க. செஸ்ல பொசிஷன் எண்ணிக்கை 44 சைபர் கணக்குல இருக்கு. செக்கர்ஸ் அது பக்கத்துல தூசி.

கேள்வி: கம்ப்யூட்டர் சும்மா எல்லாத்தையும் எண்ணிப் பார்க்குது, இதுல என்ன புத்திசாலித்தனம்?

பதில்: எண்ணிப் பார்த்தா மட்டும் போதும்னா ஹொரைசன் எஃபெக்ட் வந்திருக்காது. ஹான்ஸ் பெர்லினர், அவரே கரெஸ்பாண்டென்ஸ் செஸ்ல உலக சாம்பியனா இருந்தவர், 1970கள்ல இதை விவரிச்சார். ப்ரோகிராம் 8 மூவ் ஆழம்தான் பார்க்கும்னு வைங்க, ராணி மாட்டிக்கிச்சு, தப்பிக்க வழியே இல்ல. ப்ரோகிராம் என்ன பண்ணும்னா எதிராளி ராஜாவுக்கு ஒரு சிப்பாயைத் தியாகம் பண்ணி செக் கொடுக்கும், அப்புறம் இன்னொண்ணு, அப்படிப் பண்ணினா ராணி விழறது ஒன்பதாவது, பத்தாவது மூவுக்குத் தள்ளிப் போயிடும், அது கண்ணுக்கே தெரியாது, அதனால ராணியைக் காப்பாத்திட்டோம்னு நம்பிக்கிட்டு சிப்பாயையும் இழந்து ராணியையும் இழக்கும். இதைச் சரி பண்ண, வெட்டு குத்து நடந்துக்கிட்டு இருக்கிற இடத்துல சர்ச்சை நிறுத்தாதே, அமைதியான பொசிஷன் வர்ற வரைக்கும் இன்னும் போய்ப் பாருன்னு விதி வைக்க வேண்டி இருந்துச்சு. எதை எண்ணணும், எதை விடணும், எங்க நிறுத்தணும், இந்தத் துறையோட 70 வருஷ உழைப்பு பூரா இதுல தான் இருக்கு.

கேள்வி: கோ விளையாட்டுல மட்டும் ஏன் இந்த முறை எடுபடல? கோவுல ஜெயிச்ச ஆல்ஃபாகோ ப்ரோகிராமோட ஷேஃபருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: கோன்னா கருப்பு, வெள்ளை கல்லை வச்சு இடம் பிடிக்கிற விளையாட்டு. போர்டு 19க்கு 19, ஒரு பொசிஷன்ல 200க்கு மேல மூவ் இருக்கும், அதை விட பெரிய சிக்கல், பாதி ஆட்டத்துல யாரு முன்னாடி இருக்காங்கன்னு மார்க் போட நல்ல வழியே கிடைக்கல. செஸ்ல காய்களை எண்ணினாலே ஓரளவு தெரியும், கோவுல அது நடக்காது. மார்க் தப்பா இருந்தா ஆழமா தேடி ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. 2006ல ரெமி கூலோம் மான்டி கார்லோ ட்ரீ சர்ச்னு ஒண்ணைக் கொண்டு வந்தார், மார்க் போடாம அந்த இடத்துல இருந்து ஆட்டத்தை கடைசி வரைக்கும் கண்டபடி பல தடவை ஆடிப் பார்த்து, எந்தக் கிளை அதிகமா ஜெயிக்குதோ அங்க மரத்தை வளர்க்கிறது. அதே வருஷம் கோச்சிஷும் செபெஸ்வாரியும் எந்தக் கிளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கணும்ங்கிறதுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தாங்க.

ஷேஃபர் நேரடியா ஆல்ஃபாகோவுல இல்ல. ஆனா ஆல்ஃபாகோவை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவரான டேவிட் சில்வர் பிஹெச்டி பண்ணது ஆல்பர்ட்டால, 2016ல கோ ஆட்டக்காரர் லீ சிடோல் எதிர்ல உட்கார்ந்து ஆல்ஃபாகோ சொன்ன மூவ்களை போர்டுல வச்ச அஜா ஹுவாங் அங்க மார்ட்டின் முல்லர் கூட வேலை பார்த்தவர். ஒத்தெல்லோங்கிற போர்டு விளையாட்டுல 1997ல உலக சாம்பியனை 6க்கு 0ன்னு ஜெயிச்ச லாஜிஸ்டெல்லோ ப்ரோகிராமை எழுதின மைக்கேல் புரோவும் பின்னாடி அங்கதான் போய்ச் சேர்ந்தார். ஒரு ஆளோட பிடிவாதத்தைச் சுத்தி ஒரு கூட்டம் சேர்ந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இது போதும்.

கேள்வி: சீட்டாட்டத்துக்கும் கேம் ட்ரீ உண்டா? எதிராளி கையில என்ன இருக்குன்னே தெரியாதே.

பதில்: உண்டு, ஆனா ஆல்பா-பீட்டா அங்க நேரா வேலை செய்யாது, மரத்துல நீங்க எந்த நோட்ல, அதாவது எந்தக் கிளை பிரியற இடத்துல, இருக்கீங்கன்னே உங்களுக்குத் தெரியாது. ஷேஃபரும் அவர் மாணவர்களும் 1990கள்லயே போக்கர் பக்கம் திரும்பினாங்க, அங்க பொய் சொல்லவும் தெரியணும், எப்பவும் ஒரே மாதிரி ஆடினா எதிராளி கண்டுபிடிச்சிடுவார். அதே பல்கலைக்கழகத்துல மைக்கேல் பௌலிங் தலைமையில 2015ல ரெண்டு பேர் ஆடுற லிமிட் ஹோல்டம்ங்கிற ஒரு வகை போக்கரை கிட்டத்தட்ட தீர்த்துட்டாங்க, ஒரு மனுஷன் ஆயுசு பூரா ஆடினாலும் மிச்சம் இருக்கிற குறையைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் டூ படிக்கிறேன், பைத்தான் தெரியும். இதை நானே எழுதிப் பார்க்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: செஸ்ல ஆரம்பிக்காத தம்பி, காஸ்லிங், ஆன் பாஸான்னு இருக்கிற விசேஷ விதிகளை எழுதுறதுலயே மாசம் போயிடும், சர்ச் பக்கமே வர மாட்ட. நாலு காயை ஒரே கோட்டுல சேர்க்கிற கனெக்ட் ஃபோர் எடு, 7 காலம் (column, நெட்டு வரிசை), 6 கிடை வரிசை, மூவ்னா எந்தக் காலம்னு ஒரே ஒரு நம்பர்தான். முதல்ல வெறும் மினிமேக்ஸ் எழுது, எவ்வளவு மெதுவா இருந்தாலும் பரவாயில்ல, அதைத் தூக்கிப் போடாத. அப்புறம் தனி ஃபங்ஷனா ஆல்பா-பீட்டா எழுதி, நிறைய பொசிஷனை ரெண்டுலயும் ஒரே ஆழத்துல ஓட்டிப் பாரு, நோட் எண்ணிக்கை குறையணும், மார்க் மட்டும் ஒரு இடத்துல கூட மாறக் கூடாது, மாறினா பக் இருக்குன்னு அர்த்தம். அடுத்து மூவ் வரிசையை நடு காலத்துல இருந்து ஓரத்துக்குப் போற மாதிரி மாத்து, அந்த ஒரு வரி மாத்தினதுல நோட் எண்ணிக்கை எவ்வளவு விழுதுன்னு குறிச்சு வை. அதுக்கப்புறம் ஹிஸ்டரி டேபிள் போட்டு திரும்ப எண்ணு.

ட்ரான்ஸ்பொசிஷன் டேபிளை கடைசியா சேர்த்துக்க, எல்லாரும் தடுமாறுற இடம் அதுதான். ஒரு கிளையை பாதியில வெட்டிட்டு வந்தப்போ கிடைச்ச மார்க் சரியான மார்க் இல்ல, இவ்வளவுக்கு மேல போகாது, இல்லன்னா இவ்வளவுக்குக் கீழ வராதுங்கிற வரம்பு மட்டும்தான், அது எந்த வகை வரம்புன்னு கூடவே எழுதி வைக்கலன்னா ப்ரோகிராம் எரர் காட்டாம அழகா ஓடி தப்பான மூவ் போடும்.

முழு போர்டையும் தீர்க்கணும்னா பைத்தான் ரொம்ப திணறும், பொசிஷனை பிட்டுகளா வச்சு சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுத வேண்டி வரலாம், மெதுவா பண்ணு. விடை சரியான்னு பார்க்க யாரையும் கேட்க வேண்டாம், இந்த விளையாட்டை 1988லயே ஜேம்ஸ் ஆலனும் விக்டர் ஆலிஸும் தனித்தனியா தீர்த்துட்டாங்க. முதல் ஆளு நடு காலத்துல ஆரம்பிச்சா அவருக்கு வெற்றி, அதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கிற காலம்னா டிரா, மிச்சம் நாலு காலத்துல எதுல ஆரம்பிச்சாலும் ரெண்டாவது ஆளு ஜெயிப்பார். உன் ப்ரோகிராம் ஏழு காலத்துக்கும் இதே பதிலைச் சொல்லுதான்னு பாரு, சொல்லலன்னா முதல்ல அந்த வரம்பு எழுதற இடத்தைத் திறந்து பாரு, அங்க சரியா இருந்தாத்தான் வேற இடத்துல தேடணும்.